ஜீப்பைத் தூக்கியாச்சு... ஸ்டீயரிங்கைச் சரி செஞ்சாச்சா? லிஃப்ட் கிட் போட்டவர்களுக்கும் போடப் போகிறவர்களுக்கும் ஒரு கைடு!

அண்ணனூரிலிருந்து கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுதான் உங்கள் ஜிம்னிக்கு இரண்டு இன்ச் லிஃப்ட் கிட் போட்டிருக்கிறீர்கள். கூடவே கட்டைக் கட்டையான பெரிய டயர். டீக்கடையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஸ்பீடு பிரேக்கர், மழைக்குத் தோண்டிப் போட்ட பள்ளம் எதையும் வண்டி மதிக்கவே இல்லை. சி.டி.எச். ரோட்டில் டிராஃபிக்கோடு சேர்ந்து 40-ல் போகும்போதும் பிரச்னை இல்லை. 'சும்மா கெத்தா இருக்குல்ல' என்று நினைத்தபடி நெமிலிச்சேரியில் அவுட்டர் ரிங் ரோடு ஏறி 80-ஐத் தொடுகிறீர்கள். ஒரு பாலத்தின் இணைப்பில் முன்சக்கரம் 'டக்' என்று ஏறி இறங்குகிறது.

அவ்வளவுதான். ஸ்டீயரிங் யாரோ கையிலிருந்து பிடுங்குவதுபோல இடமும் வலமும் வெடவெடவென ஆடுகிறது. டேஷ்போர்டு அதிர்கிறது. பக்கத்தில் லாரி. வண்டியை நிறுத்துகிற வரை அந்த ஆட்டம் நிற்பதில்லை.

ஆஃப்ரோடு வட்டாரத்தில் இதற்குப் பெயர் 'டெத் வாபிள்'. பெயரே சொல்கிறது, இது விளையாட்டு இல்லை. ஆனால், இது விதியும் இல்லை. லிஃப்ட் போடும்போது வண்டியின் உயரம் மட்டும் மாறுவதில்லை. ஸ்டீயரிங்கோடு தொடர்புடைய ஒவ்வொரு கோணமும் மாறுகிறது. பலரும் உயரத்துக்குக் காசு செலவழித்துவிட்டு கோணத்தை மறந்துவிடுகிறோம். என்னென்ன மாறுகிறது, எதை எந்த வரிசையில் சரி செய்ய வேண்டும், அதில் எதை நீங்களே போனை வைத்துச் செக் பண்ணலாம்... எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

முதலில், உங்கள் வண்டி எந்த ரகம்?

'லிஃப்ட் பண்ணிட்டேன்' என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும், அடியில் குனிந்து பார்த்தால் கதை வேறு வேறு.

ஒன்று, ரிஜிட் ஆக்ஸில் ரகம். இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைத்திருக்கும். 2023 ஜூனில் நம் ஊருக்கு வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னி இந்த ரகம். முன்னும் பின்னும் 3-லிங்க் ரிஜிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். 1985-ல் வந்த பழைய ஜிப்ஸியும் ரிஜிட் ஆக்ஸில்தான்; ஆனால், அதில் காயிலுக்குப் பதில் பட்டை பட்டையான லீஃப் ஸ்பிரிங்.

இன்னொன்று, இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷன். ஒவ்வொரு முன்சக்கரமும் தன் போக்கில் தனியாக ஏறி இறங்கும். 2020-ல் வந்த புதிய மஹிந்திரா தார், நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு வி-கிராஸ் பிக்கப், டொயோட்டா ஹைலக்ஸ் எல்லாம் முன்பக்கம் இந்த ரகம். பின்பக்கம் ரிஜிட் ஆக்ஸில்தான்.

'டெத் வாபிள்' தொல்லை பெரும்பாலும் முன்பக்க ரிஜிட் ஆக்ஸில் வண்டிகளில்தான் வரும். தார், வி-கிராஸ் ஓனர்கள் அதற்காக நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். உங்களுக்கு வேறு தலைவலி இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

கேஸ்டர்: சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும்

சின்ன வயதில் இரண்டு கையையும் விட்டு சைக்கிள் ஓட்டியிருக்கிறீர்களா? கையே வைக்காமல் சைக்கிள் எப்படி நேராகப் போகிறது? அதன் முன் ஃபோர்க்கைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். செங்குத்தாக இருக்காது. மேல்பக்கம் சீட்டை நோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வும் ஒரு முக்கியமான காரணம். சக்கரம் திரும்பினாலும், தரையின் இழுவையே அதை மறுபடி நேராக்கிவிடும்.

ஜீப்பிலும் இதேதான். முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். இதற்குப் பெயர் கேஸ்டர். வளைவில் திரும்பிய பிறகு ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் அது தானாக நேராக வருகிறதல்லவா? அது கேஸ்டர் செய்கிற வேலை.

இப்போது லிஃப்ட்டுக்கு வருவோம். ஜிம்னியில் முன் ஆக்ஸிலை இரண்டு பக்கமும் இரண்டு நீளமான ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. அவற்றின் பின்முனை சேஸியில், முன்முனை ஆக்ஸிலில். ஸ்பிரிங்கை உயரமாக்கினால் சேஸி மேலே போகும். ஆக்ஸில் கீழேயே இருக்கும். அப்போது ஆர்மின் முன்முனை கீழ்நோக்கிச் சாயும். ஆர்மோடு சேர்ந்து ஆக்ஸிலும் முன்பக்கமாக உருளும். பின்னால் சாய்ந்திருந்த அந்த அச்சு, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்துவிடும். கேஸ்டர் போச்சு!

எவ்வளவு போகும்? ஒரு பேச்சுக்கு ஆர்மின் நீளம் 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இன்ச், அதாவது 5 செ.மீ. தூக்கினால் ஆர்ம் சுமார் மூன்றரை டிகிரி சாய்கிறது. 'மூன்றரை டிகிரிதானே' என்று தோன்றும். ஆனால், இதுபோன்ற வண்டிகளுக்குக் கம்பெனி கொடுக்கும் கேஸ்டரே சில டிகிரிதான். கையில் இருந்த மொத்த சேமிப்பையும் ஒரே நாளில் செலவழித்த மாதிரி.

கேஸ்டர் குறைந்தால் முதலில் ஸ்டீயரிங் லேசாகிவிடும். 'அட, ஸ்மூத்தா இருக்கே' என்று ஏமாறாதீர்கள். பிறகு வண்டி நேர்ரோட்டில் அலைபாயும். பக்கத்தில் பஸ் போனால் தள்ளும். திருப்பிய ஸ்டீயரிங் திரும்பி வராது, நீங்கள்தான் கொண்டு வர வேண்டும்.

அலைன்மென்ட் கடையில் நடக்கும் காமெடி

லிஃப்ட் போட்ட கையோடு எல்லோரும் ஓடுவது வீல் அலைன்மென்ட் கடைக்கு. கம்ப்யூட்டர் திரையில் கேஸ்டர் சிவப்பு நிறத்தில் மின்னும். கடைக்காரத் தம்பி சொல்வார்: "அண்ணே, இந்த வண்டில கேஸ்டர் வைக்க முடியாதுண்ணே. டோ மட்டும் வச்சுத் தர்றேன்."

அவர் சொல்வது உண்மை. ரிஜிட் ஆக்ஸில் வண்டியில் கேஸ்டரையும் கேம்பரையும் ஸ்பேனர் போட்டு மாற்ற முடியாது. அவை ஆக்ஸிலின் வடிவத்திலேயே வருபவை. டோவை மட்டும்தான் மாற்றலாம். பிரச்னை என்னவென்றால், நாம் டோ வைத்த பில்லை வாங்கிக்கொண்டு, 'அலைன்மென்ட் முடிஞ்சுது' என்று நினைத்துக் கிளம்பிவிடுகிறோம். சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது.

கேஸ்டரைத் திரும்பக் கொண்டுவர வழிகள் இவை:

● கேஸ்டர் கரெக்‌ஷன் புஷ்: ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டு, துளை நடுவில் இல்லாமல் சற்றுத் தள்ளி இருக்கும் புஷ்ஷைப் போடுவது. சின்ன லிஃப்ட்டுக்குப் போதும். திசை மாற்றிப் போட்டால் கேஸ்டர் இன்னும் குறையும். கவனம்!

● டிராப் பிராக்கெட்: ஆர்ம் சேஸியில் மாட்டும் இடத்தையே கீழே இறக்குவது. ஆர்ம் பழைய கோணத்துக்கு வந்துவிடும். ஆனால், வண்டிக்கு அடியில் தொங்கும் அந்த பிராக்கெட் பாறையில் இடிக்கலாம்.

● மாற்று ஆர்ம்: உயரத்துக்கு ஏற்ற கோணத்தில் செய்யப்பட்ட புதிய ஆர்ம்கள். செலவு அதிகம், ஆனால், இரண்டு இன்ச்சுக்கு மேல் போகிறவர்களுக்கு உருப்படியான வழி.

● ஆப்புத் தகடு: இது ஜிப்ஸி மாதிரி லீஃப் ஸ்பிரிங் வண்டிகளுக்கு. ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில், ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெலிதாகவும் இருக்கும் தகட்டை வைத்து ஆக்ஸிலைச் சாய்ப்பது.

'அப்போ நிறைய கேஸ்டர் வச்சுட்டா நல்லதுதானே?' இல்லை. ஸ்டீயரிங் கனமாகிவிடும். அதோடு, ஆக்ஸில் பின்னால் உருள உருள, டிஃபரென்ஷியலின் மூக்கு கீழே இறங்கும். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் அதிகமாக வளையும். 4ஹெச் போட்டால் அடியிலிருந்து கிர்ரென்று ஒரு அதிர்வு வரும். அதனால் கம்பெனி கொடுத்த அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் போதும்.

பேன்ஹார்ட் ராட்: அச்சு எப்படி ஒரு பக்கம் போனது?

லிஃப்ட் போட்ட வண்டியை முன்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்க டயர் ஃபெண்டருக்கு வெளியே கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதா? உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் இருக்க, ஒரு முனை சேஸியிலும் மறுமுனை ஆக்ஸிலிலும் மாட்டிய ஒரு கம்பி இருக்கும். அதுதான் பேன்ஹார்ட் ராட். கம்பியின் நீளம் மாறாது. சேஸி மேலே போனால் கம்பி இன்னும் சாய வேண்டும்; சாய்ந்தால் அதன் அகலவாட்டு வீச்சு குறைந்து, ஆக்ஸிலை ஒரு பக்கம் இழுத்துவிடும். உதாரணமாக, 85 செ.மீ. நீளக் கம்பியின் இரு முனைகளுக்கும் உயர வித்தியாசம் 8 செ.மீ.யாக இருந்து, லிஃப்ட்டுக்குப் பிறகு 13 செ.மீ. ஆனால், ஆக்ஸில் சுமார் 6 மி.மீ. தள்ளிப்போகும்.

6 மி.மீ. தள்ளியதால் வண்டி கவிழ்ந்துவிடாது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற வகையிலான அட்ஜஸ்டபிள் ராட் போட்டு நடுவுக்குக் கொண்டு வந்துவிடலாம். உண்மையான ஆபத்து, அந்தக் கம்பியின் போல்ட்டில் இருக்கிறது. துளை கொஞ்சம் தேய்ந்திருந்தாலோ, போல்ட் லேசாகத் தளர்ந்திருந்தாலோ, ஒட்டுமொத்த ஆக்ஸிலும் ஸ்டீயரிங்கைக் கேட்காமலே இடவலமாக அசையும். 'டெத் வாபிள்' வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான்.

பம்ப் ஸ்டீயர்: பள்ளத்தில் ஏறினால் வண்டி ஏன் திரும்புகிறது?

ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க் என்கிற கம்பி வழியாகத்தான் சக்கரத்தைத் திருப்புகிறது. இந்த டிராக் லிங்க்கும் பேன்ஹார்ட் ராடும் முன்னாலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இணைகோடுகளாக இருக்க வேண்டும். நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒரே வட்டப் பாதையில் போகும். ஸ்டீயரிங் அசையாது.

இங்கேதான் பலர் சொதப்புவார்கள். 'டிராக் லிங்க் ரொம்பச் சாய்ஞ்சிருச்சு' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கீழே நீட்டிய டிராப் பிட்மேன் ஆர்ம் வாங்கி மாட்டுவார்கள். டிராக் லிங்க் நிமிர்ந்துவிடும். ஆனால், பேன்ஹார்ட் ராட் சாய்ந்தபடியே இருக்கும். இணைகோடு போச்சு. இனி ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் இரண்டு கம்பிகளும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே வண்டி திரும்பும். இதுதான் பம்ப் ஸ்டீயர்.

மனதில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: இரண்டையும் சேர்த்து மாற்று, இல்லாவிட்டால் இரண்டையும் தொடாதே. ஜோடியைப் பிரித்தால் பாவம் சும்மா விடாது.

ரயிலுக்கும் ஜீப்புக்கும் ஒரே வியாதி

அண்ணனூர்க்காரர்களுக்கு ரயில் பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சென்னை புறநகர் மின்சார ரயில்களைப் பராமரிக்கும் ஆவடி கார் ஷெட் இருப்பதே அண்ணனூரில்தான். ரயில் சக்கரம் தட்டையாக இருக்காது. கூம்புபோல லேசான சரிவு இருக்கும். அந்தச் சரிவுதான் ரயிலைத் தண்டவாளத்தின் நடுவில் வைத்திருக்கிறது. ஆனால், ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போனால், அதே சரிவே பெட்டியை இடவலமாக ஆட்ட ஆரம்பிக்கும். 'ஹன்டிங்' என்பார்கள். சக்கரம் தேய்ந்து வடிவம் மாறினால், இந்த ஆட்டம் இன்னும் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும். அதனால்தான் சக்கரங்களைக் கடைந்து, பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

ஜீப்பின் 'டெத் வாபிளும்' இதே குடும்பம்தான். வெளியிலிருந்து யாரும் ஆட்ட வேண்டாம். ஒரு சின்ன அதிர்ச்சி போதும். அதன் பிறகு வண்டியின் வேகமே அந்த ஆட்டத்துக்குத் தீனி போடும். டயர், ஆக்ஸில், புஷ், கம்பிகள் எல்லாம் சேர்ந்து தாளம் போடும். அதனால்தான் வேகத்தைக் குறைக்காமல் அது நிற்பதில்லை. 1920-களிலேயே கார் எஞ்சினீயர்கள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது. அப்போது அதற்கு வைத்த பெயர் 'ஷிம்மி'. முன்பக்க ரிஜிட் ஆக்ஸிலைக் கார்கள் கைவிட்டதற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் ஒரு குறுக்குவழி உங்களைத் தேடி வரும். "பெரிய ஸ்டீயரிங் டேம்ப்பர் போட்டுருங்க ப்ரோ, ஆட்டம் நின்னுரும்!" நிற்கும்தான். கொஞ்ச நாளைக்கு. டேம்ப்பர் என்பது ஸ்டீயரிங்குக்கு வைத்த ஷாக் அப்ஸார்பர். இப்போதைய ஜிம்னியில் கம்பெனியே ஒன்று கொடுத்திருக்கிறது. அதன் வேலை சின்னச் சின்ன உதறலை விழுங்குவது. தேய்ந்த புஷ், தளர்ந்த போல்ட், காணாமல்போன கேஸ்டர் இவற்றை அது சரி செய்யாது, மறைத்து வைக்கும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு டைஃபாய்டோடு ஆபீஸ் போகிற கதை. மாத்திரை வேலை செய்வதை நிறுத்தும் நாளில் நீங்கள் 100-ல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

தார், வி-கிராஸ், ஹைலக்ஸ் ஓனர்களே... உங்கள் முறை!

இண்டிபெண்டன்ட் சஸ்பென்ஷனில் பேன்ஹார்ட் ராட் கிடையாது. ஆனால், வண்டியைத் தூக்கியதும் மேல் ஆர்மும் கீழ் ஆர்மும் கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். விளைவு, கேம்பர் மாறும். அதாவது, முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும். கேஸ்டரும் மாறும். டை ராட் சாய்வதால் டோவும் தப்பாது. லிஃப்ட் போட்டுவிட்டு அலைன்மென்ட் செய்யாமல் நெடுந்தூரம் போனால், புது டயரின் ஒரு விளிம்பு மட்டும் மழுங்கிப்போவது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை நான்கு:

1. ஸ்பேஸர் கணக்கு: காயிலின் தலையில் ஒரு இன்ச் ஸ்பேஸர் வைத்தால் வண்டி ஒரு இன்ச் உயராது, அதற்கு மேல் உயரும். காயில் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருப்பதால், சக்கரத்தின் பக்கம் அந்த அளவு பெருகிவிடும். 'ஒரு இன்ச்தானே' என்று வாங்கி, இரண்டு இன்ச்சுக்குப் பக்கத்தில் போய் நிற்பவர்கள் உண்டு.

2. மேல் ஆர்ம்: சில மாடல்களில் கேம் போல்ட்டைத் திருப்பியும், சிலவற்றில் ஷிம் தகடுகள் வைத்தும் கேம்பர், கேஸ்டரைச் சரி செய்யலாம். அதற்கு ஓர் எல்லை உண்டு. 'இதுக்கு மேல திரும்ப மாட்டேங்குது சார்' என்று அலைன்மென்ட் கடையில் சொன்னால், லிஃப்ட்டுக்கென்று செய்யப்பட்ட மேல் கன்ட்ரோல் ஆர்ம் தேவை என்று அர்த்தம்.

3. சி.வி. ஜாயின்ட்: முன் ஆக்ஸில் ஷாஃப்ட்டின் கோணம் கூடிவிடும். ரப்பர் பூட் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிரீஸ் வெளியே வந்து மண் உள்ளே போனால், ஜாயின்ட்டுக்கு நாள் எண்ண வேண்டியதுதான். திருப்பும்போது 'கட கட' சத்தம் கேட்டால் தாமதிக்காதீர்கள்.

4. தொங்கும் பயணம்: சக்கரம் பள்ளத்தில் இறங்க இடம் வேண்டும். லிஃப்ட் அந்த இடத்தைத்தான் தின்கிறது. பழைய தாரில் முன்பக்கம் டார்ஷன் பார் இருக்கும். அதன் போல்ட்டை முறுக்கினால் காசே இல்லாமல் லிஃப்ட். ஆனால், முறுக்கிய அளவுக்கு சக்கரம் கீழே இறங்கும் இடம் போய்விடும். ஒவ்வொரு பள்ளத்திலும் 'டங்' என்று மோதும்.

உங்கள் போனே போதும்: வீட்டு வாசலில் ஐந்து டெஸ்ட்

கேஸ்டர் டெஸ்ட் (ஜிம்னி ரகம்): லிஃப்ட் போடும் முன், சமதரையில் வண்டியை நிறுத்தி, முன் ஆர்மின் தட்டையான ஓர் இடத்தில் போனை ஒட்டவைத்து லெவல் ஆப்பில் கோணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். லிஃப்ட் முடிந்ததும் அதே தரையில், அதே இடத்தில் மறுபடி பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் இழந்த கேஸ்டர்; சேஸியின் சாய்வு மாறியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எந்த அளவு புஷ் வேண்டும் என்று பார்ட்ஸ் கடையில் கேட்க இந்த ஒரு நம்பர் போதும்.

இணைகோடு டெஸ்ட்: வண்டிக்கு நேர் முன்னால் தரையோடு போனை வைத்து போட்டோ எடுங்கள். எடிட்டில் போய் டிராக் லிங்க்கின் இரண்டு முனை ஜாயின்ட்டுகளை இணைத்து ஒரு கோடு, பேன்ஹார்ட் ராடின் இரண்டு முனை போல்ட்டுகளை இணைத்து ஒரு கோடு. கம்பி வளைந்திருந்தாலும் முனைகளைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு கோடும் எங்கோ சந்திக்கப் பார்த்தால், பம்ப் ஸ்டீயர் உங்களைச் சந்திக்கக் காத்திருக்கிறது.

ஆட்ட டெஸ்ட்: வண்டி தரையில் நிற்க, எஞ்சின் ஓட, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில். நண்பரை உட்கார வைத்து ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சின்னச் சின்னதாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கவாட்டில் பாதுகாப்பாக இருந்தபடி, அடியில் வீடியோ எடுங்கள். வண்டிக்கு அடியில் நுழைய வேண்டாம். பேன்ஹார்ட் ராட் போல்ட் நகர்கிறதா? பால் ஜாயின்ட் துள்ளுகிறதா? ஸ்டீயரிங் பெட்டி சேஸியில் அசைகிறதா? எது முதலில் ஆடுகிறதோ, அதுதான் குற்றவாளி.

சக்கர டெஸ்ட்: முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடத்தால் கிங்பின் பேரிங்கோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஜிம்னி ரகத்தில் கிங்பின் பேரிங், ஆட்டத்துக்குப் பேர்போன காரணம்.

டோ டெஸ்ட்: இரண்டு முன்டயர்களின் முன்பக்கம், அச்சின் உயரத்தில் சாக்பீஸால் குறி போட்டு, நடுவில் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். குறி பின்பக்கம் வரும்வரை வண்டியை மெதுவாக முன்னால் தள்ளி மறுபடி அளங்கள். வித்தியாசம்தான் டோ. சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

வரிசை மாறினால் வேலை வீண்

மெக்கானிக்கிடம் வண்டியை விடும்போது இந்த வரிசையைக் காட்டுங்கள்:

1. லிஃப்ட்டுக்கு முன்பே ஓர் அலைன்மென்ட் ரிப்போர்ட் எடுத்து போட்டோ பிடித்து வையுங்கள். தேய்ந்த புஷ், பேரிங், பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் அப்போதே மாற்றிவிடுங்கள். நோயாளிக்கு ஹை ஹீல்ஸ் போட்டு நடக்கவிடாதீர்கள்.

2. ஸ்பிரிங், ஷாக் அப்ஸார்பர் மாற்றம். பிரேக் ஹோஸ் இழுபடாமல் நீளம் போதுகிறதா என்று, சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பார்க்க வேண்டும்.

3. புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, வண்டி நான்கு சக்கரத்தில் தரையில் நிற்கும்போதுதான். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நிறைய கடைகளில் தவறவிடும் விஷயம் இது.

4. கேஸ்டர் திருத்தம்.

5. பேன்ஹார்ட் ராடைச் சரி செய்து ஆக்ஸிலை நடுவுக்குக் கொண்டுவருவது.

6. டோ.

7. டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றி ஸ்டீயரிங் வீலை நேராக்குவது. இது அழகுக்காக மட்டும் இல்லை. ஈ.எஸ்.பி. உள்ள வண்டிகளில், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை ஒரு சென்ஸார் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஸ்டீயரிங் கோணலாக இருந்தால், நேராகப் போகும்போதே 'வண்டி திரும்புகிறது' என்று நினைத்து ஈ.எஸ்.பி. தேவையில்லாத நேரத்தில் பிரேக் பிடிக்கலாம். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி, நேராக மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

8. டயர் பேலன்ஸ், காற்றழுத்தம், ஹெட்லைட் கோணம். வண்டி உயர்ந்தால் லைட் எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும்.

9. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் மறுபடி டார்க் ரென்ச்சால் செக் செய்வது. டிரெயில் போய் வந்தாலும் அப்படியே.

இன்னொன்று. ஃபெண்டருக்கு வெளியே துருத்தும் வீல் பார்க்க மாஸாக இருக்கும். ஆனால், சக்கரம் வெளியே போகப் போக, ரோட்டில் படும் ஒவ்வொரு அடியும் ஸ்டீயரிங்கில் பெரிதாகத் தெரியும். பேரிங்கும் சீக்கிரம் போகும். ஆட்டம் இருக்கும் வண்டியில் இது எரிகிற நெருப்பில் பெட்ரோல்.

ஆட்டம் வந்துவிட்டால் என்ன செய்வது?

ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடியுங்கள். அதோடு சண்டை போடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பிரேக்கைச் சடாரென அழுத்த வேண்டாம்; மெதுவாகக் குறையுங்கள். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள். ஆட்டம் நின்ற பிறகு 'சரியாப்போச்சு' என்று மறுபடி 80-ல் கிளம்பாதீர்கள். பேன்ஹார்ட் ராட் போல்ட் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு நிதானமாக ஓட்டி, பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ(4) பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து என்று வந்தால், வண்டியில் செய்த மாற்றங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கலாம். அதனால், கிட் ஆர்டர் செய்யும் முன் உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்டுவிடுவது நல்லது.

ஆக, தூக்கலாமா வேண்டாமா?

ஜிம்னிக்குக் கம்பெனியே 210 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் கொடுக்கிறது. ஆவடி மழைத்தண்ணீருக்கும், ஆண்டுக்கு இரண்டு மலை டிரிப்புக்கும் அது தாராளம். அதற்கு மேலும் உயரம் வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால், ஒரு சின்ன கணக்கு போடுங்கள். லிஃப்ட் கிட்டுக்கு மட்டும் பட்ஜெட் போட்டு ஆரம்பிக்காதீர்கள். கேஸ்டர் திருத்தம், அட்ஜஸ்டபிள் பேன்ஹார்ட் ராட், அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்த தொகைதான் லிஃப்ட்டின் உண்மையான விலை. அது கையில் இல்லையென்றால், இரண்டு இன்ச்சை ஒன்றாகக் குறையுங்கள். அல்லது அடுத்த போனஸ் வரை பொறுங்கள்.

ஏனென்றால், அண்ணனூர் தெருவில் உங்கள் வண்டியைத் திரும்பிப் பார்ப்பவர்களுக்கு உயரம் மட்டும்தான் தெரியும். அவுட்டர் ரிங் ரோட்டில் 80-ல் போகும்போது பக்கத்து சீட்டில் தூங்குகிற உங்கள் தங்கைக்கு, உங்கள் வண்டியின் கேஸ்டர் எத்தனை டிகிரி என்று தெரியாது. தெரிந்திருக்க வேண்டியது நீங்கள்தான்!